கேமரா மறப்பதற்கு முன்: காவல் நிலையக் காட்சிப் பதிவைக் கேட்டு வாங்கும் வழி

வீட்டுப் பையனை மாலை ஆறு மணிக்கு "சும்மா ஒரு விசாரணை" என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். இரவு பதினொன்றரைக்குத் திரும்பி வருகிறான். நடையில் ஏதோ கோளாறு. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். மறுநாள் காலை அம்மா அழுகிறாள், அப்பா வட்டச் செயலாளர் வீட்டுக்குப் போகிறார், மாமா வக்கீலைத் தேடுகிறார். இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனையும் நடக்கும்போது, அந்த நிலையத்தின் மூலையில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியில் முந்தைய நாள் மாலையின் காட்சி பழசாகிக்கொண்டே போகிறது. பெட்டி நிரம்பியதும் பழைய நாளின் மேல் புதிய நாள் எழுதப்பட்டுவிடும். அதை நிறுத்த வக்கீல் தேவையில்லை, பணமும் தேவையில்லை. ஒரு பக்கக் கடிதம் போதும். அந்தக் கடிதத்தில் தொடங்கி, காட்சி கைக்கு வருவது வரையான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்து, பலமுறை தோற்று, சிலமுறை வென்று கற்றுக்கொண்டது இது.

கடிதம் ஏன் அன்றைக்கே போக வேண்டும் என்பதற்குச் சாத்தான்குளத்தைவிடப் பெரிய பாடம் இல்லை. 2020 ஜூன் 19 அன்று அங்கே காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட, நீதித்துறை நடுவர் ஒருவர் நிலையத்துக்கே போய் விசாரித்தார். கேமராக்கள் இருந்தன. பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. அதில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். 19-ஆம் தேதியிலிருந்து எதுவும் மிஞ்சவில்லை என்று நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். அந்த வழக்கு நிலைத்து நின்றது, ஒரு பெண் தலைமைக் காவலர் தாம் பார்த்ததைத் துணிந்து சொன்னதால். எல்லா நிலையத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்வது

காவல் நிலையத்தில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பு குறைவு. தேதியோடு ஒரு தீர்ப்பின் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். நீங்கள் சொல்ல வேண்டிய பெயர் ஒன்றே ஒன்றுதான்: பரம்வீர் சிங் சைனி எதிர் பல்ஜித் சிங். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரோகின்டன் நாரிமன் தலைமையிலான மூவர் அமர்வு 2020 டிசம்பர் 2 அன்று அளித்த உத்தரவு. இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. அச்செடுத்து, பின்வரும் பகுதிகளில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா எங்கெங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவு இடம் இடமாகச் சொல்கிறது. உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, முன்வாசல், எல்லா லாக்-அப்புகள், நடைபாதைகள், வரவேற்பிடம், வராந்தா, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, லாக்-அப்புக்கு வெளியே உள்ள பகுதி, கட்டடத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கு வெளியே என்று எதையும் விடவில்லை. கழிப்பறைக்கு உள்ளே மட்டும் கூடாது. காட்சியோடு ஒலியும் பதிவாக வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும். காவல் நிலையங்கள் மட்டுமல்ல, சி.பி.ஐ., அமலாக்கத் துறை, என்.ஐ.ஏ. போன்ற, விசாரித்துக் கைது செய்யும் அதிகாரமுள்ள அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்? பதினெட்டு மாதம். அவ்வளவு கொள்ளும் கருவி சந்தையில் இல்லையென்றால், கிடைப்பதில் அதிகக் கொள்ளளவு உள்ளதை வாங்க வேண்டும். எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இங்கே ஒரு சின்னச் சிக்கல். அதே உத்தரவு, நிலைய வாசலில் மாட்ட வேண்டிய அறிவிப்புப் பலகையைப் பற்றிச் சொல்லும்போது, பதிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் பாதுகாக்கப்படும் என்று அதில் எழுதச் சொல்கிறது. இந்த ஆறு மாதத்தைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வாதாடுவார்கள். நீங்கள் ஓராண்டைச் சொல்லுங்கள். கருவியின் கொள்ளளவு பற்றிய கட்டளை அதுதான். ஆறு மாதம் என்று அவர்கள் சொன்னாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, நீங்கள்தான் மறுநாளே போய் நிற்கிறீர்களே.

யார் பொறுப்பு என்பதிலும் தெளிவு இருக்கிறது. கேமரா ஓடுவதற்கும் பதிவு பத்திரமாக இருப்பதற்கும் நிலையப் பொறுப்பு அலுவலரே பொறுப்பு. அவருக்கு மேலே மாவட்ட அளவில் ஒரு மேற்பார்வைக் குழு. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அதில் உறுப்பினர்கள், மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவரும் உண்டு. மாநில அளவில் உள்துறை, நிதித்துறைச் செயலாளர்கள், காவல்துறைத் தலைமை இயக்குநர், மகளிர் ஆணையம் ஆகியோர் அடங்கிய குழு. மாவட்டக் குழுவுக்கு இன்னொரு கடமையும் உண்டு, பலருக்குத் தெரியாது: யாரும் புகார் தராவிட்டாலும், நிலையங்களில் சேர்ந்துள்ள பதிவுகளைத் தானே எடுத்துப் பார்த்து, வெளியே வராத உரிமை மீறல் ஏதும் நடந்திருக்கிறதா என்று ஆராய வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இந்த உத்தரவு முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ராஜஸ்தானில் எட்டு மாதங்களில் பதினொரு பேர் காவலில் இறந்ததாக வந்த நாளிதழ்ச் செய்தியைப் பார்த்து, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தானாகவே மறுபடியும் இந்த விஷயத்தைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

முதல் நாள்: பூட்டிவைக்கச் சொல்லும் கடிதம்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் கடிதத்திலேயே காட்சியின் நகலைக் கேட்பது. நகல் என்றதும் அனுமதி, மேலிட உத்தரவு, விசாரணை நிலுவை என்று நூறு காரணம் வரும். அந்த நூறு காரணத்துக்குள் நாள்கள் ஓடிவிடும். முதல் கடிதம் நகல் கேட்கவே கூடாது. அழிக்காதே என்று மட்டும் சொல்ல வேண்டும். அதை மறுக்க எந்த அதிகாரிக்கும் காரணம் கிடைக்காது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"பெறுநர்: நிலையப் பொறுப்பு அலுவலர், ……… காவல் நிலையம். பொருள்: கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை அழியாமல் பாதுகாக்கக் கோருதல். ஐயா, ……… தேதி மாலை 6.00 மணி முதல் இரவு 11.30 மணி வரை என் மகன் தங்கள் நிலையத்தில் இருந்தார். அன்று மாலை 5.30 முதல் நள்ளிரவு 12.00 வரை, நுழைவாயில், வரவேற்பிடம், உதவி ஆய்வாளர் அறை, லாக்-அப்பின் முன்பகுதி, கட்டடத்தின் பின்பக்கம் ஆகிய இடங்களில் உள்ள கேமராக்களில் பதிவான ஒலி, ஒளிக் காட்சிகளைத் தனியே பிரதி எடுத்து, அசல் பதிவையும் அழியாமல் பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பரம்வீர் சிங் சைனி எதிர் பல்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 02.12.2020 அன்று பிறப்பித்த உத்தரவின்படி இப்பதிவுகளைப் பாதுகாக்கும் பொறுப்பு தங்களுடையது. இக்கடிதம் தங்களுக்குக் கிடைத்த பிறகு பதிவுகள் அழிந்தால், அது தெரிந்தே நடந்ததாகக் கொள்ள நேரும்."

அவ்வளவுதான். அடித்தார்கள், உதைத்தார்கள் என்று இதில் எழுதாதீர்கள். எழுதக் கை துடிக்கும், தெரியும். முதல் நாள் பதற்றத்தில் எழுதிய விவரம் ஒன்று பின்னால் மருத்துவ அறிக்கையோடு கொஞ்சம் மாறினால்கூட, அதைத் தூக்கிக் காட்டியே உங்களைப் பொய்யராக்குவார்கள். புகார் தனிக் கடிதம்; நிதானமாக, காயங்களை மருத்துவர் குறித்த பிறகு எழுதுவது.

நேரத்தை ஏன் முன்னும் பின்னும் அரை மணி நீட்டியிருக்கிறேன் என்றால், பதிவுப் பெட்டியின் கடிகாரமும் உங்கள் கைக்கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை. பத்து இருபது நிமிடம் முந்தியோ பிந்தியோ இருப்பது சாதாரணம். அதே சமயம் "அந்த வாரம் முழுவதும்" என்று அகலமாகக் கேட்டால் தட்டிக்கழிக்க வசதியாகிவிடும். இடத்தையும் நேரத்தையும் குறுக்கிச் சொல்லச் சொல்ல, கடிதத்துக்குக் கனம் கூடும்.

"தெரிந்தே நடந்ததாகக் கொள்ள நேரும்" என்ற கடைசி வரி வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். சான்றாகக் காட்டப்படக் கூடாது என்பதற்காக ஒரு மின்னணுப் பதிவை அழிப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின்படி குற்றம். கடிதம் போய்ச் சேராதவரை "தானாக அழிந்துவிட்டது" என்று சொல்லலாம். சேர்ந்த பிறகு அது அவ்வளவு சுலபமில்லை.

யார் கையில், எப்படி

நிலையத்தில் நேரில் கொடுத்தால் ரைட்டர் வாங்கி வைத்துக்கொள்வார். ரசீது கேட்டால் "ஐயா வரட்டும்" என்பார். கொடுத்துப் பாருங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அன்றே ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அஞ்சலகத்தில் அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள். கட்டண ரசீதை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மை மூன்று மாதத்தில் மங்கிவிடும். இதே கடிதத்தின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மாநகரமாக இருந்தால் காவல் ஆணையருக்கு.

தமிழ்நாட்டில் இன்னொரு வசதி இருக்கிறது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். புதன்கிழமை கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். ஆட்சியரிடம் பட்டா, முதியோர் உதவித்தொகை மனுக்களுக்கு நடுவே கேமரா மனுவை நீட்டினால் மேசையில் இருப்பவர் ஒரு கணம் விழிப்பார். "மாவட்ட மேற்பார்வைக் குழு உறுப்பினர் என்ற முறையில்" என்று பொருள் வரியிலேயே எழுதிவிடுங்கள். பதிவு எண் போட்ட ரசீது கையில் கிடைக்கும். அந்த எண்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆணிவேர்.

அடுத்த தெருவின் கேமராக்கள்

நிலையக் கேமராவை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் நடந்தது சாட்சி. விசாரணைக்கு அழைக்கப்பட்ட கோயில் காவலாளி அடிக்கப்பட்டது நிலையத்துக்குள் அல்ல. மறைவிலிருந்து ஒருவர் செல்போனில் எடுத்த சில விநாடிக் காட்சிதான் உயர் நீதிமன்றத்தின் மேசைக்குப் போனது. கூரையில் கேமரா வந்தால் லத்தி வேறு இடம் தேடும். இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

ஆகவே, பையனை எந்தத் தெருவில் ஏற்றினார்கள், வழியில் எங்கே நிறுத்தினார்கள், எங்கே இறக்கிவிட்டார்கள் என்று அவனிடம் பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். பிறகு அந்த வழியில் நடந்து போங்கள். நகைக்கடை, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க், கோயில், அரசு மருத்துவமனை வாசல். கடைக்காரர்களின் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு வாரம், அதிகம் போனால் ஒரு மாதம்தான் தங்கும். அவர்களிடம் தீர்ப்பைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அவர்களுக்கும் அந்த நிலையத்தோடு தினம் பிழைப்பு இருக்கிறது. "அந்த நேரத்தை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள், நீதிமன்றம் கேட்டால் கொடுங்கள்" என்று கேளுங்கள். பலர் சம்மதிப்பார்கள். சென்னையில் "மூன்றாவது கண்" என்று சொல்லித் தெருவெங்கும் கேமரா மாட்டச் சொன்னது காவல்துறைதான். அந்தக் கண்ணுக்குக் காக்கி, வேட்டி என்ற பேதம் தெரியாது.

நீங்களே செல்போனில் எடுத்திருந்தால்? பொது இடத்தில் கடமையில் இருக்கும் காவலரைப் படம் எடுப்பதைத் தடை செய்யும் தனிச் சட்டம் கிடையாது. காவல் நிலையம் அலுவல் ரகசியச் சட்டம் சொல்லும் "தடை செய்யப்பட்ட இடம்" ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் விலகி நின்று எடுங்கள். கை நீட்டும் தூரத்தில் நின்றால், பணியைத் தடுத்ததாக உங்கள் மேலேயே வழக்கு வரும். எடுத்ததும் வேறு இருவருக்கு அனுப்பிவிடுங்கள். போனைக் கேட்டால், பறிமுதல் பட்டியல் எழுதித் தந்த பிறகே கொடுங்கள்.

தகவல் உரிமை மனு: கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

பாதுகாக்கச் சொல்லும் கடிதம் போன பிறகுதான் நகலுக்கு அடிபோட வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "தகவல்" என்பதில் மின்னணு வடிவில் உள்ளதும் அடங்கும். கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டியே அனுப்பலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. முகவரி: பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை.

இரண்டு மனு போடுங்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். முதல் மனுவில் கேமராவைப் பற்றிய விவரங்கள் மட்டும்: குறிப்பிட்ட நிலையத்தில் எத்தனை கேமராக்கள், எந்தெந்த இடத்தில், அந்தத் தேதியில் அவை இயங்கினவா, பதிவு எத்தனை நாள் தங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது, ஒலி பதிவாகிறதா. இரண்டாம் மனுவில் காட்சியின் நகல். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நகலை மறுக்கும் அதே வரியில் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. ஒன்பது கேள்வி கேட்டிருந்தேன். "விசாரணை நிலுவையில் உள்ளதால் வழங்க இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கேமரா எத்தனை என்பதற்கும் விசாரணைக்கும் என்ன சம்பந்தம் என்று மேல்முறையீட்டில் கேட்டு, பதில் வாங்க மேலும் ஐந்து மாதம் பிடித்தது.

வழக்கமாகப் பதில் தர முப்பது நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் நாற்பத்தெட்டு மணி நேரம். ஆள் இன்னும் காவலில் இருக்கும்போது இந்த இரண்டாவது கெடுவைத் தயங்காமல் கேளுங்கள். சட்டத்தின் 7(1) பிரிவைக் குறிப்பிட்டு, மனுவின் தலையிலேயே எழுதுங்கள்.

மறுப்பு பெரும்பாலும் 8(1)(h) என்ற பிரிவில் வரும்: தந்தால் விசாரணைக்கு இடையூறு ஆகும் என்பது. விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது, எப்படி இடையூறு ஆகும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-லேயே சொல்லிவிட்டது. இன்னொரு மறுப்பு, காட்சியில் மற்றவர்களும் தெரிகிறார்கள் என்பது. அதற்கு 10-ஆம் பிரிவு இருக்கிறது. மற்றவர் முகங்களை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். பதில் திருப்தியில்லையென்றால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

நகல் வராமல் போனாலும் இந்த மனு வீணாகாது. கேட்கப்பட்ட தகவலை அழித்த அலுவலருக்கு 20-ஆம் பிரிவில் அபராதம் உண்டு. நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று 25,000 வரை, அவர் சம்பளத்திலிருந்து. ஆக, இது பூட்டின் மேல் போடும் இரண்டாவது பூட்டு.

"கேமரா பழுது" என்று பதில் வந்தால்

வரும். எந்தெந்த நாளில் யார் மேல் கை வைக்கப்படுகிறதோ, அந்தந்த நாளில் கேமரா பழுதாகும் அதிசயம் நம் நாட்டின் எல்லா மாநிலத்திலும் நடக்கிறது. இந்தப் பதிலைப் பார்த்ததும் மனம் உடைந்து மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் வழக்கு சூடுபிடிப்பது இங்கேதான்.

பழுது என்றால் நிலையப் பொறுப்பு அலுவலர் அதை உடனே மாவட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 உத்தரவு சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. கேமரா இயங்காத காலத்தில் அந்த நிலையத்தில் நடந்த கைதுகள், விசாரணைகள் எல்லாவற்றின் விவரத்தையும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எனவே அடுத்த மனுவில் மூன்றே கேள்வி: பழுதானது எந்தத் தேதியில்? மாவட்டக் குழுவுக்கு அதைத் தெரிவித்த கடிதத்தின் நகல் எங்கே? பழுது நீடித்த நாள்களில் நடந்த கைது, விசாரணை பற்றி அனுப்பிய பட்டியலின் நகல் எங்கே? பழுதுபார்த்தவருக்குப் பணம் கொடுத்த ரசீதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பழுது உண்மையாக இருந்தால் இந்தத் தாள்கள் இருக்கும். இல்லாவிட்டால் மூன்றுக்கும் "ஆவணம் இல்லை" என்று எழுத்தில் பதில் வரும். பழுது என்ற ஒரு தாளையும், பழுதுக்கு ஆவணமே இல்லை என்ற இன்னொரு தாளையும் அருகருகே வைத்து நீதிபதிக்குக் காட்டுவதில் இருக்கும் வலு, சில சமயம் காட்சியிலேயே இருக்காது.

சட்டையில் மாட்டிய கேமரா

சென்னை, பெங்களூரு, ஐதராபாத் போன்ற நகரங்களில் போக்குவரத்துக் காவலர்களின் நெஞ்சில் இப்போது சின்னக் கேமராவைப் பார்க்கலாம். அதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கூரைக் கேமரா இரு தரப்பையும் மேலிருந்து பார்க்கிறது. சட்டைக் கேமரா அணிந்திருப்பவரைப் பார்ப்பதில்லை. எதிரில் நிற்கும் உங்களை மட்டுமே பார்க்கிறது. நீங்கள் கத்தியது தெளிவாக இருக்கும். ஏன் கத்தினீர்கள் என்பது சட்டகத்துக்கு வெளியே போயிருக்கும். போதாததற்கு, அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் அணிந்தவர் விரல்.

அமெரிக்காவில் இது பழைய கதை. வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காவலர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2017-இல் வெளிவந்தது: கேமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே, பலப்பிரயோகத்திலும் வந்த புகார்களிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சிகாகோவில் 2014 அக்டோபரில் ஒரு பதினேழு வயதுப் பையன்மேல் காவலர் ஒருவர் பதினாறு முறை சுட்டார். கத்தியோடு பாய்ந்தான் என்றது அறிக்கை. விலகி நடந்துகொண்டிருந்தான் என்றது காவல் வாகனக் கேமரா. அந்தக் காட்சியை வெளியிடப் பதின்மூன்று மாதமும் ஒரு பத்திரிகையாளர் தகவல் உரிமையில் தொடுத்த வழக்கும் தேவைப்பட்டன. கேமரா அன்றைக்கே எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. யார் கையில் சாவி என்பதில்தான் பதின்மூன்று மாதமும் போயிற்று.

நம்மிடம் சட்டைக் கேமராவுக்கென்று தனிச் சட்டம் இல்லை. போக்குவரத்து அபராதம் என்றால் மட்டும் ஒரு பிடி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்த 167ஏ விதி, உடலில் அணியும் கேமராவையும் கண்காணிப்புக் கருவியாகக் கணக்கில் எடுக்கிறது. அப்படிப் பதிவானதை அந்தச் செலான் முடியும்வரை வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே செலானில் தகராறு இருந்தால் பணத்தைக் கட்டி முடிப்பதற்கு முன்பே காட்சியைக் கேளுங்கள். மற்ற தகராறுகளில் காவலரின் பெயர்ப் பட்டை, இடம், நேரம், கேமராவில் விளக்கு எரிந்ததா என்பதைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன அதே பூட்டுக் கடிதத்தைப் போக்குவரத்துத் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அன்று அந்தக் கேமரா யாருக்கு வழங்கப்பட்டது என்ற பதிவேட்டுப் பக்கத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

வீட்டைச் சோதனையிட வந்தால் நிலைமை கொஞ்சம் மேல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியாகப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. செல்போனில் எடுத்தாலும் போதும். பதிவு தாமதமின்றி நடுவருக்குப் போக வேண்டும். எனவே அதன் நகலுக்கு நிலையத்தின் படியேறாதீர்கள், நீதிமன்றத்தில் மனு போடுங்கள்.

ஆணையமும் நீதிமன்றமும்

காயமோ உயிரிழப்போ இருந்தால், தகவல் உரிமையை மட்டும் நம்பி முப்பது நாள் காத்திருப்பது தவறு. கிரீன்வேஸ் சாலையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்புங்கள். வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஓராண்டு கடந்தால் எடுக்க மாட்டார்கள். அவர்கள் காட்சியை உடனே வரவழைக்கலாம் என்று அதே 2020 உத்தரவு சொல்கிறது. புகாரின் கோரிக்கைப் பகுதியில் முதல் வரியாக அதையே எழுதுங்கள்.

பையனை ரிமாண்டுக்கு நடுவர்முன் நிறுத்தினால், அந்த இரண்டு நிமிடம் பொன்னானது. அடித்தார்களா என்று நடுவர் கேட்பார்; பக்கத்தில் நிற்கும் காவலரைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். "நிலையக் கேமராவைப் பார்க்க உத்தரவிடுங்கள்" என்று ஒரு வாக்கியம் சொன்னால்கூடப் போதும், அது பதிவாகிவிடும். வழக்கு நடக்கும்போது, அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் காட்சியை வரவழைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம். இதற்கெல்லாம் வக்கீல் வைக்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம், இலவசம்தான். உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போவதென்றால், நீங்கள் முதல் நாள் அனுப்பிய கடிதமும் அஞ்சல் ரசீதும்தான் வக்கீல் கேட்கும் முதல் இரண்டு தாள்கள்.

காட்சி கைக்கு வரும் நாள்

புதுப் பென்டிரைவ் ஒன்றை உறை பிரிக்காமல் கொண்டுபோங்கள். அங்கேயே அவர்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். கோப்பு திறக்கிறதா, தேதியும் நேரமும் ஓரத்தில் ஓடுகிறதா, இடையில் வெட்டு உண்டா, ஒலி இருக்கிறதா. பதிவுப் பெட்டி சேமித்த அதே வடிவில் வாங்குங்கள். மானிட்டரை இன்னொரு செல்போனில் படம் எடுத்துத் தந்தால் ஏற்காதீர்கள். மின்னணுச் சான்றுக்குத் தேவையான, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணையும் கையோடு கேளுங்கள். இவை இல்லாமல் நீதிமன்றத்தில் காட்சி வெறும் படமாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் போடத் தோன்றும். அதே வரவேற்பிடத்தில் அன்று மாலை புகார் கொடுக்க வந்த ஒரு பெண்ணும், ஒரு குழந்தையும் உட்கார்ந்திருக்கலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது உங்களையே குற்றவாளியாக்கும். வக்கீலிடம் ஒரு பிரதி, நம்பிக்கையான ஒருவரிடம் இன்னொன்று, அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாக ரசீதில் கையெழுத்து. "பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். நான் ஒருமுறை ஐந்தரை மணி நேரம் கேட்டு, பதினொரு நிமிடம் வாங்கியிருக்கிறேன், ஒலியும் இல்லை. கையெழுத்துக்கு மேலே, "பதினொரு நிமிடம் மட்டும், 7.52 முதல் 8.03 வரை, ஒலி இல்லை, மீதி தரப்படவில்லை" என்று எழுதினேன். அந்த உதவியாளர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் யாரிடமோ பேசினார். அடுத்த வாரம் மீதியில் இரண்டு மணி நேரம் வந்தது.